முக்குளத்துச் சின்ன மருது

சின்ன மருது என்றதும் சிவகங்கையும் காளையார்கோவிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவர் 1753-இல் பிறந்ததோ திருச்சுழியைத் தாண்டி, நரிக்குடியை அடுத்த முக்குளத்தில். வானம் பொய்த்தால் கண்மாய் வெடிக்கும் எங்கள் வறண்ட சீமை அது.

அண்ணன் பெரிய மருதுவுடன் சிவகங்கை அரண்மனைப் பணியில் சேர்ந்தார். 1772-இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் மன்னர் முத்துவடுகநாதரைக் காளையார்கோவிலில் கொன்றன. அரசி வேலு நாச்சியாருடன் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்த சகோதரர்கள், 1780-இல் ஹைதர் அலியின் உதவியோடு சீமையை மீட்டனர். சின்ன மருது பிரதானியானார். சிறுவயலில் காவலின்றித் திறந்து கிடந்த அவரது மாளிகையில்தான் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி வேலெறியவும் வளரி வீசவும் கற்றார். பின்னாளில் அவரையே வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார்.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் ஓடிவந்த ஊமைத்துரைக்குச் சின்ன மருது இடமளித்தார். அவரை ஒப்படைத்திருந்தால் பதவியாவது மிஞ்சியிருக்கும். அவர் செய்ததோ வேறு. ஜூன் 16-இல் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலிலும் அவரது அறிக்கை ஒட்டப்பட்டது. நாற்குலத்தாரையும் முசல்மான்களையும், கும்பினிச் சம்பளம் வாங்கிய சிப்பாய்களையும்கூட அது ஒருசேர அழைத்தது. தூக்குமேடையைவிட இந்த அறிக்கையே அவரது பெருமை என்பேன். அவரை ஒரே சாதியின் கொடிக்குள் மடித்து வைப்போர் இதைப் படித்ததுண்டா?

ஆண்டிஸ் மலைநாட்டிலும் இதையொத்த கதை உண்டு. ஸ்பானியர்களே முடிசூட்டிய மாங்கோ இன்கா, 1536-இல் அவர்கள் வசமிருந்த குஸ்கோ நகரை முற்றுகையிட்டு, பின்னர் வில்கபம்பா காட்டுக்குள் தனி அரசு நடத்தினார். அவருக்கு எதிராக ஸ்பானியர் அவருடைய சகோதரர் பவுல்யுவையே அரசராக்கினர். 1801 செப்டம்பரில் கும்பினியாரும் படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு உரியவராகச் சோழபுரத்தில் அறிவித்தனர். மரபுரிமை என்ற சொல் மருதுவின் பக்கம் நின்றோரைப் பிளந்தது. காட்டை வெட்டிச் சாலை போட முயன்று ஒரு மாதம் தோற்ற படைக்கு, பீரங்கியைவிட இந்தத் தந்திரமே உதவியது.

வில்கபம்பா 1572 வரை தாங்கியது. காளையார்கோவிலோ அக்டோபர் முதல் நாளே வீழ்ந்தது. தொடையெலும்பு முறிந்து பிடிபட்ட சின்ன மருது, அக்டோபர் 24-இல் அண்ணனுடன் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். இளவயது மகன் துரைசாமியை, மேலும் எழுபத்திரண்டு பேருடன் 1802-இல் பினாங்குக்குக் கப்பலேற்றினர். 1818-இல் வெல்ஷ் அங்கே துரைசாமியைக் கண்டார்; முதலில் அடையாளமே தெரியவில்லை.