அரியலூர், பெரம்பலூர் கிராமங்களில் தமிழ் தேடி அலைந்த சிறுவன்... உ.வே.சா-வுக்கு அந்த ஆசை வந்தது எப்படி?

2023 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநில முதலிடம் பெரம்பலூர். 2024-ல் அரியலூர். இன்னைக்கு ரிசல்ட்டில் கலக்கும் இந்த மண்ணில், 150 வருஷத்துக்கு முன்பு ஒரு பையன் பாடம் சொல்ல ஆள் தேடி ஊர் ஊராக அலைந்தான். பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று பெயர் வாங்கிய உ.வே.சாமிநாதையர்தான் அவர்.

1855-ல் பிறந்த அவருடைய சொந்த ஊர் பாபநாசம் பக்கம் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். அரியலூர் பக்கத்து ஊர்களில் ராம நாடகக் கீர்த்தனை பாடிக் கதை சொல்வார். நிலையான சம்பளம் கிடையாது, ஊர்க்காரர்கள் கொடுப்பதுதான். மகனும் பாட்டுக்காரனாக வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆனால் அரியலூர் சடகோப ஐயங்கார் பாடம் சொன்ன விதத்தில் பையனுக்குத் தமிழ்ப் பித்து பிடித்துவிட்டது. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும், தமிழ் படித்து என்ன செய்வது என்று ஊர் கேட்ட காலம் அது. அப்பா தடுக்கவில்லை. மகனுக்கு வாத்தியார் எங்கே கிடைக்கிறாரோ அங்கே குடும்பத்தையே நகர்த்தினார். இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஆள் அவர்தான்.

குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. இடையில் 1868-ல், 13 வயதிலேயே கல்யாணமும் ஆகிவிட்டது.

திருப்பம் செங்கணத்தில்தான். நல்ல மாணவனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல், மாயூரத்தில் இருக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போகச் சொன்னார் ரெட்டியார். கிராமத்துப் பையனுக்கு அதுவரை அது எட்டாத உயரம். 1871-ல் போய்ச் சேர்ந்தார். வயது 16.

அதோடு கஷ்டம் தீரவில்லை. கல்யாணக் கடன் கழுத்தை நெரித்தது. அதை அடைக்க, பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக்கு வந்து திருவிளையாடற் புராணம் சொல்லிச் சம்பாதித்துவிட்டு, மறுபடியும் படிக்கப் போனார்.

மத்ததெல்லாம் தெரிந்த கதைதான். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலை, 1887-ல் சீவக சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என ஏட்டுச்சுவடிகள் வரிசையாக அச்சேறின.

1940-ல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடரைத் தொடங்கினார். 1942 ஏப்ரல் 28-ல் மறைந்தபோது அது முடியவில்லை. ஆனால் அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் வாத்தியார்கள் எல்லோரையும் அதற்குள் பேர் சொல்லி எழுதிவிட்டிருந்தார்.