உழைப்பாளர் சிலையை வடித்தவர்

கலைக் கண்காட்சி என்றால் அது சீமான்களின் பொழுதுபோக்கு என்று நம் தொழிலாளத் தோழர்களில் பலர் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணுவது அவர்கள் குற்றமன்று. கண்ணாடிக் கதவும் காவலாளும் உள்ள மண்டபத்துக்கு, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வரலாம் என்று அவர்களை அழைத்தவர் யார்? சென்னையிலே கலையை மண்டபத்துக்கு வெளியே கொணர்ந்து, கடற்காற்றில் நிறுத்திய ஒருவரை நாம் அறிந்திருக்க வேண்டும். அவர்தான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

1899-ஆம் ஆண்டு ரங்பூரை அடுத்த தாஜ்ஹாட்டில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அன்று வங்காளத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார்; ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பம் கற்றார். குஸ்தி, வேட்டை, புல்லாங்குழல், கதை எழுதுதல் என்று பலவற்றிலும் ஈடுபாடு கொண்டவர்.

1850-ல் தொடங்கப்பெற்ற சென்னைக் கலைப்பள்ளியின் தலைமை நெடுங்காலம் வெள்ளையர் கையில் இருந்தது. அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ராய் சௌத்ரி. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். 1954-ல் அமைந்த லலித் கலா அகாடமியின் முதல் தலைவரும் அவரே. 1937-ல் அன்னிய அரசு தந்த எம்.பி.இ. பட்டத்தைப் பெற்றவர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஜமீன் வீட்டுப் பிள்ளை, சர்க்கார் உத்தியோகஸ்தர், ஆயினும் அவர் கை யாரை வடித்தது என்பதே நமது கேள்வி.

1936-ல் திருவிதாங்கூரில் கோயில் கதவுகள் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்தன, அதைச் சிற்பமாக்கினார். 1942 ஆகஸ்ட் 11 அன்று பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றச் சென்ற மாணவர் எழுவர் துப்பாக்கிக்கு இரையாயினர்; அந்த எழுவரையும் அதே இடத்தில் வெண்கலமாக எழுந்து நிற்க வைத்தார். பசியால் வாடுவோரையும் வடித்தார்.

1959-ல் மெரினாவில் அவரது உழைப்பாளர் சிலை நிறுவப்பெற்றது. நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். இடுப்பில் துண்டுத் துணி, முறுகிய நரம்பு, மண்ணில் ஊன்றிய கால். அவர்களுள் தலைவன் என்று ஒருவனுமில்லை. நால்வரும் ஒரே மூச்சில் தள்ளினாலன்றிப் பாறை அசையாது. சங்கம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல நம்மால் இயலுமா? 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய சென்னைக் கடற்கரையிலே இச்சிலை நிற்பது எவ்வளவு பொருத்தம்!

இது பழைய பாணி, அப்படியே பார்த்துச் செய்தது என்று குறைகூறுவோர் உண்டு. அவருடைய மாணவரான கே.சி.எஸ். பணிக்கர் புதுப்பாதை வகுத்தார். 1966-ல் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தையும் தோற்றுவித்தார். அந்தப் புதுமையை நாம் இகழவில்லை. கோடும் வண்ணமும் புதிய வழி தேடத்தான் வேண்டும். ஆயினும் மூட்டை சுமப்பவன் யாரையும் கேளாமல் தன்னை அடையாளம் கண்டுகொள்ளும் கலையை மட்டம் என்று சொன்னால், அதை ஒப்ப மாட்டோம்.

நமக்கும் ஒரு குறை உண்டு. அந்த நால்வரில் ஒரு பெண் இல்லை. கல் சுமக்கும் சித்தாளும், நாற்று நடும் தாயும் பாறையைப் பெயர்க்கவில்லையா? அந்தச் சிலையை வருங்காலச் சிற்பி ஒருவர் வடிக்கட்டும்.

ராய் சௌத்ரி 1975-ல் மறைந்தார். உழைப்பாளர் சிலை என்றால் ஊரே அறியும். வடித்தவர் பெயரை அறிந்தவர் சிலரே. சிற்பியும் உழைப்பாளிதான், உழைத்தவன் பெயர் மறைந்துபோவதை நாம் எந்தத் தொழிலிலும் ஏற்பதில்லை. எனவே தோழர்களே, உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்; அவர் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். கலைக் கல்லூரியின் கண்காட்சிகள் ஆலை வாயிலுக்கும் சங்கக் கட்டடத்துக்கும் வரவேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.