இராஜாஜியும் இராட்டையும்

உண்ணும் சோறு எவர் உழைப்பால் விளைந்தது என்பதை ஒரோவழி எண்ணுகின்றோம்; உடுக்கும் துணி எவர் கையால் ஆயிற்று என்பதை எண்ணுவார் அரியர். எண்ணியதோடு அமையாது இராட்டையின் முன் தாமே அமர்ந்த ஒரு பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இராஜாஜி என நாடறிந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார், 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், கிராம முன்சீபின் புதல்வராய்த் தோன்றினர். அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1965 முதல் தருமபுரி மாவட்டத்தில் இருந்து, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்ததாயிற்று. பெங்களூரிலும் சென்னையிலும் பயின்ற அன்னார், 1900-இல் சேலத்தில் வழக்கறிஞராகிப் பெரும்பொருள் ஈட்டினர். ஒத்துழையாமை இயக்கம் எழவே அத்தொழிலைத் துறந்து சிறையும் புகுந்தனர்.

1925-இல், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, தம் மக்களுடன் எளிய குடிலில் வாழலாயினர். அக்காலை மழை பொய்த்து, சுற்றூர்களில் வறுமை சூழ்ந்திருந்தது. பிச்சையிடுதல் எளிது, ஆயின் ஏற்போரின் மானம் குன்றும். ஆதலின் ஆசிரமத்தார் பெண்டிர்க்குப் பஞ்சளித்து, அவர் நூற்றுக் கொணர்ந்த நூலை நிறுத்துக் கூலி கொடுத்தனர். தாழ்த்தப்பட்டோரும் ஆசிரமத்தில் உடனுறைந்தமையால் அயலார் சிலர் முகஞ்சுளித்தனர். எனினும் இராஜாஜி தம் கொள்கையினின்றும் பிறழ்ந்திலர்.

நூற்றல் எளிதெனக் கருதற்க. கொட்டை நீக்கிய பஞ்சை வில்லால் அடித்து, பட்டை போட்டு, ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற மறு கை சீராக இழுத்தல் வேண்டும். விரைந்து இழுப்பின் இழை அறும், தயங்கின் தடிக்கும். அறுந்த இழையைச் சினம் ஒட்டாது, பொறுமையே ஒட்டும். நூலைச் சிட்டமாக்கிய பின்னரே தறிவேலை தொடங்கும். காங்கிரஸ் அங்கத்தினர் மாதந்தோறும் 2,000 கெஜம் நூல் தருதல் வேண்டுமென 1924-இல் பெல்காமில் விதிக்கப்பட்டதன் அருமை, நூற்க முயன்றார்க்கே புலனாகும். நீதிமன்றத்தில் வென்ற நாவன்மை இராட்டையின் முன் செல்லாது. ஆண்டு அறிஞரும் பாமரரும் ஒருநிகரே.

பின்னர் அன்னார் 1937-இல் சென்னை மாகாணப் பிரதமராகவும், 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தனர், கதராடையைக் கைவிட்டிலர். 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் மறைந்தனர்.

கடையில் ஆயத்த ஆடை மலிந்த இந்நாளில், நூற்றுத்தான் உடுத்தல் வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆயினும் மாணவ நண்பர்களே, ஒரு சிட்டமேனும் நம் கையால் நூற்றுப் பார்ப்போமாக. ஒரு முழத் துணியில் எத்துணைப் பேர் உழைப்பு அடங்கியுளது என்பதை நம் விரல்களே நமக்கு உணர்த்தும்.