கீரைக்குள் இருந்த சத்தை மாத்திரையாக்கியவர்!

தேர்வில் ஒருமுறை தவறினாலே வாழ்க்கை முடிந்துவிட்டது என்று சிலர் மனம் உடைந்து போகிறார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறிய ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திராவில் உள்ள பீமவரத்தில், 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதில், வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று காசிக்கு ஓடப் பார்த்தார். வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து, மறுபடி பள்ளியில் சேர்த்தார்கள். கடைசியில் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில் தேறினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, கதர் அங்கி அணிந்து அறுவை சிகிச்சைக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அதைவிடப் பெரிய துயரமும் வந்தது. 'ஸ்புரூ' என்றொரு குடல் நோய் உண்டு. என்ன சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது; இரத்தம் குறைந்து நோயாளி மெலிந்து போவார். இந்த நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் பலியானார்கள். மருத்துவம் படித்தும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. காரணம், அப்போது அதற்கு மருந்தே இல்லை.

பிறகு அமெரிக்கா சென்றார். கையில் பணமில்லாததால் மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஹார்வர்டில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தபின், 1940-ல் லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அதற்கு முன்பே, லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதைக் கண்டிருந்தார். அதில் இருந்த சத்து கீரையிலும் இருந்தது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு 'ஃபோலிக் அமிலம்' என்று 1941-ல் பெயரிட்டார்கள். ஆனால் மூட்டை மூட்டையாகக் கீரையை அரைத்தாலும் துளியளவே கிடைத்தது. சுப்பாராவின் குழுவினர் 1945-ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டினார்கள். ஸ்புரூ நோயாளிகள் அதைச் சாப்பிட்டுத் தேறினார்கள். சகோதரர்களுக்குக் கிடைக்காத மருந்து மற்றவர்களுக்குக் கிடைத்தது!

1948-ல், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். அந்தச் சத்தின் இன்னொரு பெருமை அவருக்குத் தெரியாது.

தாயின் வயிற்றில் கரு உருவான முதல் 4 வாரங்களில், ஒரு தட்டையான படலம் பாயைச் சுருட்டியதுபோல் சுருண்டு குழாயாக மூடிக்கொள்ளும். அதிலிருந்துதான் மூளையும் தண்டுவடமும் உண்டாகின்றன. குழாய் சரியாக மூடாவிட்டால், குழந்தைக்கு நடப்பதுகூடச் சிரமமாகலாம். இந்தக் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார், அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், அது மீண்டும் வரும் ஆபத்து 10-ல் 7 பங்கு குறைகிறது என்று 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால், அந்த 4 வாரத்தில் பல தாய்மாருக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாது. பிறகு எப்படி மாத்திரை சாப்பிடுவார்கள்? அதனால்தான் எல்லோரும் உண்ணும் மாவிலேயே அதைக் கலந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1998 முதல் இது கட்டாயம். நம் நாட்டிலும் சத்து சேர்த்த கோதுமை மாவுப் பாக்கெட்டில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருக்கும். கடைக்குப் போகும்போது தேடிப் பாருங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். இத்தகைய குறை எல்லாவற்றுக்கும் சத்துக்குறைவே காரணம் அல்ல; தாயின் தவறும் அல்ல. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்று தட்டில் கீரை விழுந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். மூன்றாம் முறையும் தேர்வு எழுதிய அந்தச் சுப்பாராவை நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்!