செங்கல் சுட்ட செம்மல்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஒரு பள்ளி சிறந்து விளங்குவதற்குக் காரணம் என்ன? கட்டடமா? பணமா? பாடத்திட்டமா? அல்லது மாணவனின் அறிவுக் கூர்மையா? கற்றோர் இதற்குப் பலவாறு விடை கூறுவர். இவற்றுள் முதல் இரண்டும் அறவே இல்லாத இடத்தில் ஒரு பெரும் கல்விக்கூடத்தை எழுப்பிக் காட்டிய மனிதர் ஒருவர் உண்டு. அடிமையாய்ப் பிறந்து, ஆசானாய் உயர்ந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவராய் விளங்கிய புக்கர் டி. வாஷிங்டன்தாம் அவர். அவருடைய வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஓர் உண்மை தெளிவாகிறது. மாணவனின் வெற்றியில் பாதி அவன் கையில் இருக்கிறது. மறுபாதி அவனுக்குக் கதவைத் திறந்துவிடும் பெரியோர் கையில் இருக்கிறது. இவ்வுண்மையை அவர் வாழ்வின் வழியே காண்போம்.

அடிமைக் குடிசை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு புகையிலைத் தோட்டத்தில், 1856-ஆம் ஆண்டில் புக்கர் பிறந்தான். தாய் ஜேன் அத்தோட்டத்தின் சமையற்காரி. தந்தை யார் என்பது அவனுக்குத் தெரியாது. மண் தரையில் கந்தல் துணியின் மேல்தான் படுக்கை. எசமானர் வீட்டுப் பெண் பள்ளிக்குச் செல்லும்போது அவளுடைய புத்தகங்களைச் சுமந்து செல்வது அவன் வேலைகளுள் ஒன்று. பள்ளியின் வாயில் வரை போகலாம். உள்ளே நுழைய உரிமை இல்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவு கிட்டாதபடி அந்நாளைய சட்டமே வேலி போட்டிருந்தது. வாயிலில் நின்று உள்ளே பார்த்த அந்தச் சிறுவனுக்கு, அந்த அறை சொர்க்கமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது, அடிமைத்தளை அறுந்தது. மாற்றாந் தந்தை வேலை செய்துவந்த மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் ஊருக்குக் குடும்பம் சென்றது; பிள்ளைகள் பெரும்பாலான வழியை நடந்தே கடந்தனர்.

உப்பும் எழுத்தும்

மால்டனில் உப்புக் காய்ச்சும் தொழில். விடியுமுன் எழுந்து பீப்பாய்களில் உப்பை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியின் பீப்பாய்க்கும் ஓர் எண் உண்டு. மாற்றாந் தந்தையின் எண் 18. நாள்தோறும் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் புக்கர் முதன்முதலில் எழுத்தறிந்தான். எழுதப் படிக்கத் தெரியாத தாய், எங்கிருந்தோ ஓர் அரிச்சுவடியைத் தேடிப் பிடித்து மகன் கையில் கொடுத்தார். கதவைத் திறந்த முதற்கை அந்தத் தாயின் கை.

ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி ஒன்று தொடங்கியபோது மாற்றாந் தந்தை அவனை அனுப்ப மறுத்தார். மகனின் கூலி இல்லாமல் வீட்டில் அடுப்பு எரியாது. இரவில் ஆசிரியரிடம் பாடம் கேட்டான் சிறுவன். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. காலை ஒன்பது மணி வரை வேலை, பிறகு பள்ளி, பள்ளி விட்டதும் மீண்டும் வேலை. ஆனால் பள்ளி தொடங்குவதும் ஒன்பது மணிக்குத்தான்! வேலையிடத்திலிருந்து பள்ளிக்கு நடந்து சேர்வதற்குள் பாடம் பாதி போய்விடும். சிறுவன் ஒரு வழி கண்டான். வேலையிடத்துக் கடிகாரத்தின் முள்ளை எட்டரையிலிருந்து ஒன்பதுக்கு நாள்தோறும் தள்ளி வைத்தான். மேலாளர் ஐயுற்று, கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை செய்யும் சிறுவனுக்கும் வேலை செய்யாத சிறுவனுக்கும் ஒரே மணியை அடித்தால், அதை எல்லாருக்கும் பொதுவான மணி என்று சொல்ல முடியுமா? இந்தக் கடிகாரத்தைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் இதற்கு அவர் விடை கண்டார்.

அடுத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அங்கே இருட்டில் இரு தொழிலாளர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஹாம்ப்டன் என்னும் ஊரில் கறுப்பினத்தவருக்கு ஒரு பெரிய பள்ளி இருக்கிறதாம். ஏழைகள் உழைத்தே படிப்புச் செலவைத் தீர்த்துக்கொள்ளலாமாம். அன்றிலிருந்து அவனுக்கு ஹாம்ப்டனே கனவாயிற்று. சுரங்க உரிமையாளரின் மனைவி ரஃப்னர் அம்மையாரிடம் வீட்டு வேலைக்குச் சேர்ந்தான். தூசி கண்டால் பொறுக்காத கண்டிப்புக்காரர் அவர். ஆனால் குளிர்காலத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் பள்ளிக்குச் செல்ல அனுமதி கொடுத்தார்.

துடைப்பமே தேர்வு

1872-இல் புக்கர் ஹாம்ப்டனுக்குப் புறப்பட்டார். வழி சுமார் 500 மைல். கைப்பணம் பாதி வழியிலேயே தீர்ந்தது. ரிச்மண்ட் நகரில் பலகை நடைபாதையின் அடியில் படுத்துறங்கி, பகலில் கப்பலில் இரும்புச் சுமை இறக்கிக் கூலி பெற்று, ஐம்பது சென்ட் காசுடன் பள்ளியை அடைந்தார். அழுக்கேறிய ஆடையுடன் நின்ற அவரைத் தலைமை ஆசிரியை மேக்கி அம்மையார் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. நெடுநேரம் காக்க வைத்த பின், பக்கத்து அறையைப் பெருக்குமாறு பணித்தார். புக்கர் மும்முறை பெருக்கினார்; நான்கு முறை தூசி துடைத்தார். அம்மையார் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு துகளும் ஒட்டவில்லை. இடம் கிடைத்தது. அறைகளைப் பெருக்கிக் காக்கும் வேலையும் கிடைத்தது. அதனால் உணவுச் செலவு பெரும்பாலும் தீர்ந்தது. ஆண்டுக்கு 70 டாலர் கல்விக் கட்டணத்தை, பள்ளித் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வேறொரு செல்வரைக் கொண்டு செலுத்தச் செய்தார்.

கட்டிலில் விரிக்கும் இரட்டைத் துணியை அவர் கண்டது அங்கேதான். முதல் நாள் இரண்டுக்கும் அடியில் படுத்தார். இரண்டாம் நாள் இரண்டுக்கும் மேலே படுத்தார். பிறரைப் பார்த்துத்தான் முறையைக் கற்றார். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வருபவனுக்கு இது புதிதன்று. பாடத்தைப் போலவே பல் துலக்கும் தூரிகையும், சாப்பாட்டு மேசையும், விண்ணப்பத்தாளும் அவனுக்குப் பாடங்களே. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். உதவித்தொகைப் படிவத்தை எங்கே வாங்குவது, யாரிடம் கையொப்பம் பெறுவது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. அந்த இரட்டைத் துணியின் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, தொண்டையும் அடைத்தது.

தலைமை

1875-இல் தேர்ச்சி பெற்ற புக்கர் மால்டனுக்குத் திரும்பி ஆசிரியரானார். தம் அண்ணன் ஜானையும் ஹாம்ப்டனில் படிக்க வைத்தார். 1879-இல் ஆம்ஸ்ட்ராங் அவரை ஹாம்ப்டனுக்கே ஆசிரியராக அழைத்துக்கொண்டார். அங்கே இரவுப் பள்ளி ஒன்றை அவரிடம் ஒப்படைத்தார். பகலில் பத்து மணி நேரம் உழைப்பவர்களுக்கு இரவில் இரண்டு மணி நேரப் பாடம். பூட்டப்பட்ட அந்தக் கடிகாரத்துக்கு விடை இதுவே! உழைப்பவனைப் பள்ளியின் நேரத்துக்கு வளைக்காமல், பள்ளியின் நேரத்தை உழைப்பவனுக்காக வளைத்தார்கள்.

1881-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் சிற்றூரில் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்க முடிவாயிற்று. அரசு ஆண்டுக்கு 2000 டாலர் ஒதுக்கியது. அது ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலம் இல்லை, கட்டடம் இல்லை, கரும்பலகை இல்லை. தலைவராக வந்த வாஷிங்டனுக்கு அப்போது வயது 25. வந்தவுடன் அவர் செய்தது என்ன? சிற்றூர் சிற்றூராகச் சென்று மக்களின் குடிசைகளில் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் வாழ்வதைக் கண்டார். மாணவன் எங்கிருந்து வருகிறான் என்பதை அறிந்த பின்னரே பள்ளியைத் திறந்தார்.

1881 ஜூலை 4-ஆம் நாள், மாதாகோயிலை அடுத்த ஒரு பாழடைந்த கொட்டகையில் 30 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் ஒரு மாணவன் எழுந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பான். அவர் பாடம் நடத்துவார். சில வாரங்களில் ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை துணைக்கு வந்தார். பிற்காலத்தில் அவர் வாஷிங்டனின் வாழ்க்கைத் துணையும் ஆனார். ஹாம்ப்டனின் பொருளாளரிடம் கடன் பெற்று 100 ஏக்கர் பழைய தோட்டம் ஒன்றை 500 டாலருக்கு வாங்கினார்கள். குதிரை லாயமும் கோழிக் கூண்டும் வகுப்பறைகளாயின. அடிமையாய் வாழ்ந்த மூதாட்டி ஒருத்தி கந்தல் உடுத்தித் தடியூன்றி வந்து, பிள்ளைகளின் படிப்புக்கென ஆறு முட்டைகளைக் கொடுத்துச் சென்றாளாம். எத்தனையோ நன்கொடைகளைக் கண்ட வாஷிங்டன் அந்த ஆறு முட்டைகளை மறக்கவே இல்லை.

செங்கற்சூளை

கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டும். ஊரில் சூளை இல்லை. மாணவர்களைக் கொண்டே சுட முனைந்தார். என் தந்தையார் சூளையில் கல் அறுப்பவர். ஆகையால் இப்பகுதியை நான் மற்றவர்களைவிடச் சற்று நிறுத்திப் படித்தேன். மண்ணைக் குழைத்து, அறுத்து, காய வைத்து, அடுக்கி, தீ மூட்டினால் மட்டும் போதாது. தீ எல்லாக் கல்லுக்கும் ஒருசேர ஏற வேண்டும். இல்லையேல் சூளையைப் பிரிக்கும்போது பச்சைக் கல்லும் உருகிய கல்லுமாகக் கிடக்கும். பல நாள் உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

டஸ்கீகியில் முதற்சூளை வீணாயிற்று. இரண்டாவதும் வீண். மூன்றாவது சூளை வெந்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. முழங்கால் வரை சேற்றில் நின்ற மாணவர்கள் சலிப்புற்றார்கள். வாஷிங்டன் தம் கடியாரத்தை அடகு வைத்து 15 டாலர் பெற்றுவந்து நான்காவது சூளையை மூட்டினார். அது வெந்தது! அடகு மீளவில்லை; ஆனால் பள்ளி மீண்டது. அந்தச் செங்கல்லை வாங்கப் பள்ளியின் மேல் பற்றில்லாத வெள்ளையரும் வந்தனர். சுமார் இருபது ஆண்டுகளில் எழுந்த 40 கட்டடங்களுள் நான்கைத் தவிர மற்றவை ஏறக்குறைய முழுவதும் மாணவர் கைப்பட எழுந்தவை. தான் கட்டிய சுவரில் எவனாவது கத்தியால் கீறுவானா?

செங்கல்லைப் போலவே அறிவாளரையும் தேடினார். 1896-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை வேளாண் துறைக்கு அழைத்தார். ஆய்வுக்கூடம் இல்லை, குப்பையிலிருந்து பொறுக்கிய புட்டிகளாலும் தகரங்களாலும் கார்வர் அதை அமைத்தார். பருத்தியால் சத்திழந்த மண்ணுக்கு வேர்க்கடலையும் சர்க்கரைவள்ளியும் மருந்தாகும் என்று காட்டினார். பள்ளிக்கு வர முடியாத உழவர்களைத் தேடி 1906-இல் குதிரை வண்டியிலேயே நடமாடும் பள்ளி ஒன்று புறப்பட்டது.

மாறுபட்ட குரல்

புகழை மட்டும் பாடிவிட்டு முடித்தால் அது வரலாறு ஆகாது. 1895-இல் அட்லாண்டா நகரில் வாஷிங்டன் ஆற்றிய உரை அவருக்கு நாடெங்கும் புகழ் தந்தது. கறுப்பின மக்கள் முதலில் தொழிலும் பொருளும் தேடட்டும், சமத்துவக் கிளர்ச்சியில் அவசரம் வேண்டா என்பது அவ்வுரையின் சாரம். வெள்ளையர் கைதட்டினர். 1903-இல் டு பாய்ஸ் என்னும் பேரறிஞர் இதை நேருக்கு நேர் மறுத்தார். வாக்குரிமையும் குடியுரிமையும் உயர்கல்வியும் இல்லாத மக்கள் தேடிய பொருளைக்கூடக் காத்துக்கொள்ள இயலாது என்றார். டஸ்கீகியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே உயர்கல்லூரிகளில் படித்து வந்தவர்கள்தாமே என்றும் சுட்டினார். வெளியே பணிந்து பேசிய வாஷிங்டன், வாக்குரிமையைப் பறித்த சட்டங்களை எதிர்த்த வழக்குகளுக்கு மறைவாகப் பணம் கொடுத்தார் என்பது அவர் மறைந்த பின்னரே உலகறிந்தது.

இவ்வழக்கில் நான் டு பாய்ஸின் பக்கம். பிளஸ் டூ முடித்தபோது உறவினர் ஒருவர், சூளைக்காரன் மகனுக்கு இயற்பியல் எதற்கு, ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தால் போதாதா என்று என் தந்தையாரிடம் கேட்டார். பிட்டர் வேலை இழிந்ததன்று; கை வேலையால் எங்கள் வீடு வாழ்கிறது. ஆனால் ஒருவனுடைய பிறப்பைப் பார்த்து, அவன் படிப்பின் எல்லையைப் பிறர் கோடு போட்டுக் காட்டுவது தகாது. என் தந்தையார் அதற்கு விடை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு கல்லூரி விண்ணப்பம் வாங்கப் புறப்பட்டார். வாஷிங்டனின் கொள்கையில் எனக்குக் குறை தோன்றினும், அவர் தலைமையில் குறை தோன்றவில்லை. தாம் இடறி விழுந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பின்னால் வருபவர்க்குப் படியாக அடுக்கிய தலைமை அது.

நிறைவு

1915-இல் நியூயார்க்கில் நோயுற்ற வாஷிங்டன், தம் ஊரிலேயே கண்மூட விரும்பி டஸ்கீகி திரும்பினார். நவம்பர் 14-ஆம் நாள் மறைந்தார். பள்ளி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 30 பேருடன் தொடங்கிய பள்ளியில் அப்போது சுமார் 1500 மாணவர்கள். இன்று அது பல்கலைக்கழகம். ரோசன்வால்ட் என்னும் வணிகரோடு சேர்ந்து அவர் தொடங்கிய திட்டத்தால், 1932-க்குள் தென்மாநிலங்களில் சுமார் 5000 சிற்றூர்ப் பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்கு ஏழைக் கறுப்பின மக்களும் தம் பங்கைக் காசாகவும் உழைப்பாகவும் அளித்தார்கள்.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் நாளை ஆசிரியர் ஆவோம். சிலர் தலைமை ஆசிரியரும் ஆவோம். அந்நாளில் ஒருவன் முதல் மணி அடித்த பிறகு மூச்சு வாங்க வந்து வாயிலில் நிற்பான். வருகைப் பதிவேட்டில் கோடு போடுமுன், அவன் எங்கிருந்து வருகிறான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேட்போம். புக்கர் டி. வாஷிங்டனின் வாழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுவே.