சொந்தக் குரலில் பாடிய சின்னப்பா

ஆண்டு விழா வந்துவிட்டால் மேடையின் இருபுறமும் ஒலிபெருக்கிகள் வந்து நின்றுவிடுகின்றன. பதிவு செய்த பாட்டு ஒலிக்கிறது. நாம் வாயை மட்டும் அசைத்து ஆடுகிறோம். கீழே அமர்ந்திருக்கும் பெற்றோர் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் யாருக்கு? பாடியவருக்கா, வாயசைத்த நமக்கா? சென்ற ஆண்டு ஆடி முடித்து இறங்கியதும் எங்களுக்குள் எழுந்த இந்தக் கேள்விதான் நம் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

அவர் பி. யு. சின்னப்பா. முதல் எழுத்து புதுக்கோட்டையைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து தந்தையார் உலகநாதப் பிள்ளையைக் குறிக்கும். 1916ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். பெற்றோர் வைத்த பெயர் சின்னசாமி. தந்தையார் நாடக நடிகர். ஆகவே எழுத்துப் பலகையும் நாடக மேடையும் இவருக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் அறிமுகமாயின. பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது.

அக்காலத்தில் பாய்ஸ் கம்பெனிகள் என்று சிறுவர் நாடகக் குழுக்கள் இருந்தன. இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதிச் சேர்த்துக் கொள்வார்கள். உணவும் உடையும் கம்பெனியுடையவை. வாத்தியார் பாட்டைச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் நெட்டுருப் போடுவார்கள். ஆண் வேடம், பெண் வேடம், இராஜா, திருடன் எல்லாம் சிறுவர்களே. சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறிது காலம் இருந்த சின்னப்பா, பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். பின்னாளில் தமிழக முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரனும் அதே கம்பெனியில் வளர்ந்தவர்தான். மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த சின்னப்பாவின் பாட்டைத் தற்செயலாகக் கேட்ட முதலாளி, அதை 75 ரூபாயாக உயர்த்தினார் என்று சொல்வார்கள். அந்நாளில் அது பெரிய தொகை.

ஆனால் அந்தப் புகழுக்கு ஒரு தவணை இருந்தது. பதின்பருவத்தில் ஆண் பிள்ளைகளின் குரல் உடையும். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். நம் தம்பிமார்களின் குரல் கரகரப்பதைக் கேட்டு நாம் வீட்டில் கேலி செய்து சிரிக்கிறோம். அன்று அது ஒரு சிறுவனின் சோற்றையே பறித்துவிடக் கூடியது. குரல் போனவனை முன்வரிசையிலிருந்து இறக்கிவிட்டு, குரல் உள்ள வேறொரு சிறுவனுக்கு அதே பாட்டைச் சொல்லிக் கொடுப்பார்கள். பாட்டு கம்பெனியுடையது, வேடமும் கம்பெனியுடையது, சிறுவன் மட்டுமே மாறுவான். சின்னப்பாவுக்கும் மகரக்கட்டு வந்தது. கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பினார்.

அவர் வாழ்க்கையில் எங்களை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். பார்க்கக் கூட்டமில்லை, கைதட்ட ஆளில்லை. இருந்தும் அவர் பாட்டை விடவில்லை. திருவையாறு சுந்தரேச பாகவதரிடமும் காரைநகர் வேதாசல பாகவதரிடமும் கர்நாடக சங்கீதம் கற்றார். சிலம்பமும் குஸ்தியும் பழகினார். சிறுவயதில் இயற்கையாக அமைந்த குரல் போய்விட்டது. இப்போது அவர் சாதகம் செய்து ஒரு புதிய குரலைப் பெற்றார். பெரியவர்கள் அதைக் கம்பீரமான சாரீரம் என்பார்கள்.

1936இல் ஜூபிடர் நிறுவனத்தின் சந்திரகாந்தா படத்தில் நடித்தார். அதில் அவர் பெயர் இன்னும் சின்னசாமிதான். அடுத்து வந்த சில படங்கள் கைகொடுக்கவில்லை. மனம் வெறுத்துத் துறவியாகி விடலாம் என்றுகூட எண்ணினாராம். அப்போது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் அழைத்தார். 1940இல் வெளிவந்த உத்தமபுத்திரனில் அண்ணன், தம்பி இரண்டு வேடமும் சின்னப்பாவே. தமிழ்த் திரையில் ஒருவரே இரட்டை வேடம் ஏற்றது அதுவே முதல் முறை. பிறகு ஆர்யமாலா, மனோன்மணி என்று வெற்றிப் படங்கள் வந்தன. 1942இல் வந்த கண்ணகியில் கோவலனாக நடித்தார். எம். கே. தியாகராஜ பாகவதருக்கு ஈடாக அவரையும் மக்கள் கொண்டாடினார்கள். பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று இரசிகர்கள் பிரிந்து வாதாடிய காலம் அது.

1944இல் வந்த ஜகதலப்பிரதாபனில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடகரும் சின்னப்பா; பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா; ஒரே நேரத்தில் ஐந்து சின்னப்பாக்கள் அமர்ந்திருப்பார்கள்! அது காமிராவின் தந்திரம்தான். ஆனால் பாடிய குரலில் தந்திரம் ஏதும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பாடிய பாடல்களை எழுதியவர்களும் மெட்டமைத்தவர்களும் வேறு பலர். ஆயினும் திரையில் காணும் முகமும் காதில் விழும் குரலும் ஒருவருடையனவாகவே இருந்தன. அந்த வழக்கம் அவர் கண்முன்னே மாறத் தொடங்கியது. 1945இல் ஏவி.எம். எடுத்த ஸ்ரீ வள்ளியில் நாயகி ருக்மிணியின் குரல் நிறைவளிக்கவில்லை என்று பி. ஏ. பெரியநாயகியைப் பாட வைத்துச் சேர்த்தார்கள். பின்னணிப் பாடகர்கள் பெருகினார்கள். அவர்கள் பெரும் வித்தை கற்றவர்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் பெயரும் படத்தில் வருகிறது. பெயரை மறைக்கும்போதுதான் தவறு நேர்கிறது. ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட மில்லி வனில்லி என்ற இருவர் குழுவுக்கு 1990இல் அமெரிக்காவின் கிராமி விருது கிடைத்தது. இசைத்தட்டில் பாடியவர்கள் வேறு சிலர் என்று தெரிந்ததும் அதே ஆண்டு நவம்பரில் விருதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த இருவரின் நிலையை எண்ணி நாங்கள் சிரிக்கவில்லை. நாங்களும் வாயசைத்தவர்கள்தானே!

சம்பாதித்த பணத்தில் சின்னப்பா சென்னையில் மாளிகை கட்டவில்லை. புதுக்கோட்டையிலேயே வீடு வீடாக வாங்கினார். இனி அவர் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையோ, பெரியவர்களின் பெருமைப் பேச்சோ, கேட்க நன்றாயிருக்கிறது.

1951ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் புதுக்கோட்டையில் அவர் திடீரெனக் காலமானார். வயது 35தான். அவர் நடித்து முடித்திருந்த சுதர்சன் அப்போது வெளிவந்திருக்கவில்லை. அந்த ஆண்டு இறுதியில்தான் அது கொட்டகைகளுக்கு வந்தது. அவரை அடக்கம் செய்த ஊரில், அவர் பாடுவதைக் கேட்க மக்கள் மறுபடியும் சீட்டு வாங்கிக் கொண்டு உள்ளே போனார்கள்.