சாம்பியன்களை அல்ல, ஆசிரியர்களைத் தேடியவர்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் நம்மில் பலர் தினமும் சைதாப்பேட்டையைக் கடக்கிறோம். அங்கிருந்து சற்றுத் தொலைவில், நந்தனத்தில் இருக்கிறது ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. அதை நிறுவிய ஹாரி குரோ பக் ஓர் அமெரிக்கர். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவர்.

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் டிரில்தான். முன்னாள் படைவீரர் ஒருவர் அதட்ட, சிறுவர்கள் வரிசையில் நின்று கைகால் அசைப்பார்கள். கிரிக்கெட்டும் டென்னிசும் கிளப்புகளில், வசதி உள்ளவர்களுக்கு. பக் சாம்பியன்களைத் தேடவில்லை, ஆசிரியர்களைத் தேடினார். ஓர் ஆசிரியர் முறையாகப் பயின்றால் அவருடைய பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் விளையாடலாமே! 1920-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு அவரது பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நம் நாட்டு விளையாட்டுகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துச் சென்றவரும் இவரே. ஆனாலும் நமக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பள்ளிதான்.

1943-இல் பக் இறந்தார். அவர் தொடங்கிய மரபில் வந்த பி.டி. ஆசிரியர்கள் இன்றும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் விசிலோடு நிற்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்தால் போதும், பல இடங்களில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு வாரத்தில் இருந்த விளையாட்டு நேரமே அதுதான்.